கையகலம்

புத்தளத்தில் உப்பு விளையும்.
இரும்பு கரையும்.
இங்கேதான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்
அறுபத்தெட்டாம் வருசத்து டீசல் டிராக்டரை.
தார்ப்பாய் போட்டு மூடாதீங்க என்று சொன்னவர்
தார்ப்பாய் விற்கிற கடைக்காரர்.
"உள்ள வேர்க்கும், கேட்டியளா.
வேர்த்தா தின்னும்."

தேரூர் விவசாயச் சங்கத்தில் ஏலம்.
எடைக்குக் கேட்டான் ஒருவன்.
இன்ஜினை மட்டும் கேட்டான் இன்னொருவன், ஐஸ் கம்பெனிக்காம்.
நான் எதற்குக் கேட்டேன் என்பது
வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.
பாஸ்புக்கை மூடி வைத்துவிட்டு
"நமக்கு வயலே இல்லையே" என்றாள் கிரேஸ்லெட்.
அதுவும் உண்மைதான்.

சிவப்பு என்கிறது ஆர்.சி. புத்தகம்.
பானெட்டில் அது செங்கல் நிறமாகி,
சைலன்சர் பக்கம் பழுத்த பாக்கு நிறமாகி,
இருக்கைக்கு அடியில், வெயில் காணாத ஒரு சாண் இடத்தில் மட்டும்
இன்னமும் சிவப்பு.
இதையெல்லாம் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் தேடினேன்.
துரு இல்லை. கறை இல்லை. மெருகு என்றால் பொய்.
மீன்சட்டி பழகிவிட்டது என்பார்களே,
அந்தப் பழக்கம்.

ஸ்டீரிங்கில் இடதுபக்கம், பத்து மணி முள் நிற்கும் இடத்தில்,
கருப்பு தேய்ந்து கம்பி தெரிகிறது.
வேறெங்கும் தேய்வில்லை.
வலது மட்கார்டின் மேல்விளிம்பில்
கையகலத்துக்குப் பெயிண்டே கிடையாது, வழவழப்பு.
ஒருநாள் ஏறி உட்கார்ந்து
இரண்டிலும் என் கையை வைத்தபோது
உடம்பு தானாகப் பின்னால் திரும்பிற்று.
ஓட்டியவர் முன்னால் பார்த்ததே குறைவு.
கன்னிப்பூ, கும்பப்பூ, எத்தனை பூவோ,
பின்னால் புரளும் தொளியையே பார்த்திருக்கிறார்.

"ரெண்டு நாளு. ஷோரூம் கணக்கா ஆக்கித் தாறேன்"
என்றான் பெயிண்டர் ஜஸ்டஸ்.
வேண்டாம் என்றேன்.
மண்ணெண்ணெய்த் துணியும் ஆளிவிதை எண்ணெயும் போதும்.
அச்சுக்குள் காய்ந்திருந்த தேரூர் மண்ணைக்கூட
நான் சுரண்டவில்லை.

பெருமை அதோடு நின்றிருக்கலாம்.
பானெட்டின் இடப்புறம், கரிக்கு அடியில்,
மஞ்சள் எழுத்து தலைகாட்டியது.
முதலில் சங்கத்தின் பெயர்.
அதற்குக் கீழே, மணிக்கு ரூ.
அதற்கடுத்து ஓர் எண் இருந்தது. சத்தியமாக இருந்தது.
எண் என்ன என்று காணும் அவசரத்தில்
துணியைப் போட்டுவிட்டு இரும்புநாரை எடுத்தேன்.
தேய்த்தேன்.
கையகலத்துக்கு வெள்ளை இரும்பு
பல்லைக் காட்டியது.

அன்றிரவு சாப்பிடவில்லை.
தேரூருக்குப் போய் விசாரித்தேன்.
எட்டு என்றார் மாதேவன் பிள்ளை.
பதினைந்துக்குக் குறையாது என்றார் செண்பகராமன்.
"ரூவாயா? நாங்க நெல்லால்லா அளந்தோம்"
என்றார் மூன்றாவது ஆள்.
சங்கத்துப் பேரேட்டைக் கறையான் படித்து முடித்திருந்தது.

ஜஸ்டஸ் மறுபடி வந்தான்.
தேயிலைச் சாயம், உப்புத்தண்ணி, கொஞ்சம் செங்கல்பொடி:
"பழசாக்கவும் எனக்குத் தெரியும், அண்ணே.
ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்."
பிரஷ்ஷை மஞ்சளில் தோய்த்துக்கொண்டு கேட்டான்:
"எவ்வளவுன்னு எழுதட்டும்?"

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நாலாம் நாள் காலையில் பார்த்தால்
வெள்ளை இரும்பில் மஞ்சள் புள்ளிகள்.
அளத்துக் காற்று, சாயமும் கேட்காமல் கூலியும் கேட்காமல்
வேலையைத் தொடங்கியிருந்தது.
ஓட்டியவரின் கையகலம் அந்தப் பக்கம்.
என் கையகலம் இந்தப் பக்கம்.
அவருடையது பதினைந்து இருபது வருசத்தில் வந்தது.
என்னுடையது அரை நிமிடத்தில்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஸ்டார்ட் செய்வேன்.
ஹீட்டரை அழுத்தி இருபது எண்ண வேண்டும்.
பதினாலில் நான் அவசரப்படுவது தெரிந்து
அடுக்களையிலிருந்து கிரேஸ்லெட் சத்தமாக எண்ணுகிறாள்.
இருபது.
பிடித்துக்கொண்டது. கரும்புகை
அடுத்த வீட்டுக் கொடியில் காயும் வேட்டிக்குப் போகிறது.
கையைத் துடைத்தபடி வந்து நின்று
பானெட்டை வாசிக்கிறாள்:
"மணிக்கு ரூ…
டீசல் இப்ப எவ்வளவு ஆவுது?"

பதில் இருந்த இடத்தில்
கொஞ்சம் எண்ணெய் தடவினேன்.